ஓடியது கார்டிஃபில், பதில் சொன்னது கொழும்பில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். விளையாட்டுப் போட்டிக்குள் புகுந்து குழப்புகிறவர்களைப் பிடித்து உள்ளே போட வேண்டும், விளையாட்டில் அரசியலைக் கலக்கவே கூடாது என்று. அதை என் அக்காவின் மகள் சாப்பாட்டு மேசையில் சத்தமாக வாசித்துவிட்டு, "மாமா, இவருக்கு யாராவது பதில் எழுத வேண்டாமா?" என்று என்னைப் பார்த்தாள். அவள் கம்பஸில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். சரி, நான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு அந்த வாசகரோடும் ஒத்துப்போகவில்லை, இவளோடும் முழுசாக ஒத்துப்போகவில்லை. ஆகவே கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2013 ஜூன் 20, வியாழக்கிழமை. சாம்பியன்ஸ் கிண்ணக் கிரிக்கெட் அரையிறுதி, பிரிட்டனில் கார்டிஃப் மைதானத்தில் இலங்கையும் இந்தியாவும். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் அம்மா, நான், மேல்மாடிப் பையன்கள் என்று எல்லோரும் டிவி முன்னால் இருந்தோம். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே நம்முடைய தமிழ் ஆட்கள் சிலர் கொடியோடு மைதானத்துக்குள் ஓடினார்கள், காவலர்கள் துரத்திப் பிடித்தார்கள். அம்மா எழுந்து போய் வீதிப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஏன் சாத்தினீர்கள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 83 ஜூலைத் தமிழர் படுகொலையை இந்த ஊரில் இருந்து கண்டவர் அவர்.

மறுநாள் காலை அலுவலகத்தில் பத்து மணித் தேநீர். எனக்கு எதிர் மேசையில் இருப்பவர் சிங்கள நண்பர், நல்ல மனிதர், கெத்தாராம மைதானத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் எத்தனையோ தடவை ஒன்றாகப் போயிருக்கிறோம், ஒரே கடலைச் சுருளில் கை விட்டிருக்கிறோம். அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார்: "உங்கள் ஆட்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்?" பக்கத்து மேசையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. எனக்குப் பதில் தெரியும். 2009இல் போர் முடிகிறபோது முல்லைத்தீவுக் கரையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், ஓடியவர்களின் வீட்டில் யார் யார் இல்லாமல் போனார்கள் என்பதை ஊகிக்கவும் முடியும். ஆனால் 2013இல் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் அதை வாய் திறந்து சொல்வது லேசான காரியம் இல்லை. "எனக்குத் தெரியாது" என்றேன். ஏற்கெனவே கரைந்துபோன சீனியைத் திரும்பத் திரும்பக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து இந்த மாதிரிச் செய்தி எங்கே வந்தாலும் என் மனதில் முதலில் எழும் கேள்வி இதுதான்: இதற்கு விலை கொடுப்பது யார்? கார்டிஃபில் ஓடியவர் அன்று இரவு பொலிஸ் நிலையத்தில் இருந்திருக்கலாம், பிறகு வீட்டுக்குப் போயிருப்பார். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்த நாங்கள்தான் அலுவலகத்திலும் பஸ்ஸிலும் பாடசாலை வாசலிலும் மாதக்கணக்கில் பதில் சொன்னோம், அல்லது பதில் சொல்லாமல் தலையைக் குனிந்தோம்.

இன்னொன்றும் உண்டு, அதை நம் ஆட்கள் அதிகம் பேசுவதில்லை. அன்றைய இலங்கை அணியில் சங்கக்கார இருந்தார், மஹேல இருந்தார். 2009 மார்ச் 3ஆம் திகதி லாகூரில் மைதானத்துக்குப் போகிற வழியில் சுடப்பட்ட அந்த பஸ்ஸுக்குள் தரையில் படுத்துக் கிடந்தவர்கள் அவர்கள், உடம்பில் சிதறல் காயம் பட்டவர்கள். வெளியே பாகிஸ்தான் பொலிஸார் ஆறு பேர் செத்துக் கிடந்தார்கள். நான்கு வருடம் கழித்து, ஆடிக்கொண்டிருக்கிற மைதானத்தில் முன்பின் தெரியாத ஆள் ஒருவர் ஓடி வருகிறபோது அவர் கையில் இருப்பது கொடியா வேறு எதுவுமா என்று விளையாட்டுக்காரனுக்கு எப்படித் தெரியும்? 1993இல் ஹாம்பர்க்கில் மோனிக்கா செலஸ் டென்னிஸ் ஆட்டத்தின் இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது முதுகில் கத்தியால் குத்தினான் ஒருவன். ஓடி வருகிறவரின் மனசு நல்ல மனசாகவே இருக்கட்டும், அந்த ஒரு நிமிடத்தில் மைதானத்தில் நிற்பவரின் வயிற்றில் ஏறுகிற பயம் பயம்தான். அதை அவருக்குக் கொடுக்க யாருக்கும் உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இதை எல்லாம் சொன்னபோது என் மருமகள் பொறுமையாகக் கேட்டாள், பிறகு ஒரே அடியாக அடித்தாள். "மாமா, அன்றைக்கு உங்களுக்குச் சங்கடமாக இருந்தது, சரி. உங்கள் சங்கடம் பெரிசா, அவர்களுடைய பிள்ளை காணாமல் போனது பெரிசா?" அத்தோடு விடவில்லை. "2017 பெப்ரவரியில் இருந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அந்த அம்மாக்கள் வீதியோரம் இருக்கிறார்களே, யாருடைய ஆட்டத்தையும் நிறுத்தவில்லை, நீங்கள் சொல்கிற மாதிரி ஒழுங்காகத்தான் போராடினார்கள். யார் திரும்பிப் பார்த்தார்கள்? நீங்கள் வருஷா வருஷம் நல்லூர்த் திருவிழாவுக்கு ஏ9 வீதியால்தானே போகிறீர்கள், ஒரு தடவையாவது இறங்கினீர்களா?"

இறங்கவில்லை. பஸ் ஜன்னலால் பார்த்திருக்கிறேன், அந்தக் கொட்டகையும் உள்ளே வரிசையாகக் கட்டியிருந்த படங்களும். பஸ் போய்விடும். அந்தப் பெற்றோரில் பலர் பதில் தெரியாமலேயே செத்தும் போய்விட்டார்கள். இதற்கு நான் என்ன சொல்வது? ஒழுங்காகப் போராடுங்கள் என்று புத்தி சொல்கிறவர்கள், ஒழுங்காகப் போராடுகிறவர்களை எத்தனை தரம் போய்ப் பார்த்தோம் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இதில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, இனி அந்த வாசகருக்கு வருகிறேன். விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்கிறார். ஐயா, பொரளைப் பக்கம் பி. சரா மைதானம் இருக்கிறதே, நம் தமிழ் யூனியன் கழகத்தின் சொந்த மைதானம், முரளி பந்து வீசி வளர்ந்த இடம், அங்கேதான் 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது. அன்றைக்கு அணித் தலைவர் பந்துல வர்ணபுர. அதே ஆண்டு முடிவதற்குள் அவரே ஓர் அணிக்குத் தலைவராகத் தென்னாபிரிக்காவுக்கு ஆடப் போனார், நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த தென்னாபிரிக்காவுக்கு. நம் கிரிக்கெட் சபை போன எல்லோருக்கும் 25 வருடத் தடை போட்டது. நாட்டின் முதல் டெஸ்ட் தலைவருக்கு! பல பேருடைய கிரிக்கெட் வாழ்க்கை அத்தோடு முடிந்தது. அது அரசியல் இல்லையா? அரசியல்தான், சரியான அரசியல். (அடுத்த ஆண்டு ஜூலையில் இதே கொழும்பில் நடந்ததைப் பார்க்கும்போது, தென்னாபிரிக்காவின் நிறவெறியைக் கண்டித்த நாடு உள்ளூரில் எதைக் கண்டித்தது என்று கேட்கத் தோன்றும், அது வேறு கடிதம்.)

அந்தத் தடை வானத்தில் இருந்து விழவில்லை. உலகம் அந்த இடத்துக்கு வந்ததற்கு ஒரு காரணம், மைதானத்துக்குள் ஓடியவர்கள்தான். 1968இல் பசில் டொலிவேரா என்ற கலப்பின வீரர் இங்கிலாந்து அணியில் சேர்க்கப்பட்டார் என்பதற்காக அந்த அணி தன் நாட்டுக்கு வர இருந்த சுற்றுப்பயணத்தையே வேண்டாம் என்றது தென்னாபிரிக்க அரசு. அடுத்த ஆண்டு தென்னாபிரிக்க ரக்பி அணி பிரிட்டனுக்கு வந்தபோது பீட்டர் ஹெயின் என்ற 19 வயதுப் பையனும் அவனோடு சேர்ந்த மாணவர்களும் ஊர் ஊராக மைதானத்துக்குள் இறங்கினார்கள், ஆட்டத்துக்கு முள்ளுக்கம்பி வேலி தேவைப்பட்டது. 1970இல் வர இருந்த தென்னாபிரிக்கக் கிரிக்கெட் அணியின் பயணம் அப்படியே ரத்தானது. அதற்குப் பிறகு அந்த நாடு சர்வதேசக் கிரிக்கெட்டுக்குத் திரும்பி வர 1991 ஆனது.

அதைவிட நெஞ்சைத் தொடுவது நியூசிலாந்து. ரக்பி என்றால் அந்த நாட்டுக்கு உயிர். 1981 ஜூலை 25, ஹமில்டன் நகரம், தென்னாபிரிக்க அணி ஆட வந்திருக்கிறது, மைதானம் நிரம்பியிருக்கிறது. 300க்கும் மேற்பட்டவர்கள் வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் நடு மைதானத்தில் கையோடு கை கோத்து நின்றார்கள். யாரையும் அடிக்கவில்லை, நின்றார்கள், அவ்வளவுதான். ஒருவர் சிறு விமானம் ஒன்றைக் களவாக எடுத்துக்கொண்டு மைதானத்தை நோக்கி வருகிறார் என்ற தகவலும் பொலிஸுக்குக் கிடைக்க, ஆட்டம் ரத்து என்று அறிவித்தார்கள். ஆத்திரப்பட்ட ரசிகர்கள் அவர்கள் மேல் போத்தல்களை வீசினார்கள், வெளியே போகும்போது துரத்தித் துரத்தி அடித்தார்கள். ரொபன் தீவுச் சிறைக்குச் செய்தி எட்டியபோது சூரியன் வெளியே வந்த மாதிரி இருந்தது என்று மண்டேலா பின்னாளில் சொன்னதாக நியூசிலாந்துக்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

இங்கே விலை கொடுத்தது யார் என்று பாருங்கள். அடி வாங்கியது மைதானத்துக்குள் போனவர்கள். வேறு எவருடைய அம்மாவும் ஜன்னலைச் சாத்த வேண்டி வரவில்லை. அதைவிட முக்கியம், அந்த ஆட்டமே அநியாயத்தின் ஒரு பகுதியாக இருந்தது. மனிதரை நிறம் பார்த்துப் பிரிக்கச் சட்டம் போட்டு நடத்திய நாட்டின் அணி, அந்தச் சட்டத்தின் முகமாகத்தான் ஊர் ஊராக ஆட வந்தது. அதை நிறுத்துவது அநியாயத்தையே ஒரு பின்னேரம் நிறுத்துவது மாதிரி. அப்படிப்பட்ட ஆட்டத்துக்குள் இறங்கியவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆட்டத்துக்கும் அநியாயத்துக்கும் நேரடியாகச் சம்பந்தமே இல்லை, கூட்டம் இருக்கிறது, கமெரா இருக்கிறது, அதனால் ஓடுகிறோம் என்றால்தான் என் மனம் இடறுகிறது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மரதன் ஓட்டம் ஞாபகம் இருக்கிறதா? பிரேசில் நாட்டின் வண்டர்லெய் டி லிமா முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தார், முடிய இன்னும் ஏழு கிலோமீற்றர் அளவுதான். அயர்லாந்தைச் சேர்ந்த முன்னாள் பாதிரியார் ஒருவர், உலகம் முடியப்போகிறது என்ற தன் மதச் செய்தியை முதுகில் மாட்டிக்கொண்டு வந்து, அவரை அப்படியே வீதியோரக் கூட்டத்துக்குள் தள்ளிக்கொண்டு போனார். பார்வையாளர் ஒருவர் விடுவித்து விட்ட பிறகு டி லிமா திரும்ப ஓடி மூன்றாவதாக வந்தார். அவர் முகத்தில் அந்த வினாடி தெரிந்த திகைப்பை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, வாழ்க்கையில் ஒருமுறை கிடைக்கிற நாள். உலகத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு அந்த நாளை இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாமா?

1975 ஓகஸ்டில் இங்கிலாந்தின் ஹெடிங்லி டெஸ்டில் ஒரே இரவில் ஆடுகளத்தைக் குத்திக் கிளறி எண்ணெய் ஊற்றிவிட்டார்கள். சிறையில் இருந்த ஜோர்ஜ் டேவிஸ் என்பவர் நிரபராதி என்று சொல்லத்தான். அவர் அடுத்த ஆண்டு விடுதலையும் ஆனார். ஆனால் அவுஸ்திரேலியாவின் ரிக் மெக்கொஸ்கர் 95 ஓட்டத்தோடு தூங்கப் போனவர், காலையில் எழுந்தபோது ஆடுவதற்கு ஆடுகளமே இல்லை. அவருக்கு அது முதல் சதமாகி இருக்கும். நல்லவேளை, அடுத்த டெஸ்டில் அடித்துவிட்டார்.

அதே 1975, அதே இங்கிலாந்து, ஜூன் 11. முதலாவது உலகக் கிண்ணம், ஓவல் மைதானத்தில் இலங்கையும் அவுஸ்திரேலியாவும். அன்றைக்கும் தமிழ் இளைஞர்கள் சிலர் ஆடுகளத்துக்குள் இறங்கினார்கள், பொலிஸார் தூக்கிக்கொண்டு போனார்கள். 1972 அரசியலமைப்பும், பல்கலைக்கழகம் போகத் தமிழ் மாணவரிடம் கூடுதல் புள்ளி கேட்ட தரப்படுத்தலும் நம் பிள்ளைகளைக் கொதிக்க வைத்திருந்த காலம். அன்றைய ஆட்டத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஜெஃப் தொம்சனின் பந்து பட்டு சுனில் வெத்தமுனியும் துலீப் மெண்டிஸும் ஆஸ்பத்திரிக்குப் போன கதையைச் சொல்வார்கள். உள்ளே இறங்கிய நம் பையன்களைப் பற்றி நானே நாற்பது வயதுக்குப் பிறகு ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். என் மருமகளுக்கு நான் சொல்லித்தான் தெரியும். ஓடினால் உலகம் பார்க்கும் என்கிறார்கள். பார்க்கிறது, ஒரு நிமிடம். எதற்காக ஓடினார்கள் என்பதை எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

அப்புறம் 2013 மார்ச்சில் தமிழ்நாட்டில் நடந்த மாணவர் போராட்டம். நமக்காகத்தான் செய்தார்கள், அந்த மாணவர்களின் அன்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதலமைச்சர் ஜெயலலிதா கடிதம் எழுதினார், ஐபிஎல் ஆட்டங்களில் இலங்கை வீரர் எவரும் சென்னையில் ஆட முடியாது என்று ஆனது. அந்த ஆண்டு பெங்களூர் அணியில் இருந்த முரளிதரனும் சென்னையில் ஆட முடியவில்லை. கண்டிப் பக்கத்துத் தமிழன், சென்னைக்கே மருமகன், தமிழருக்காகப் போட்ட தடையில் வெளியே நின்றார். முரளியின் அரசியல் பேச்சுகளில் எனக்கு உடன்பாடு இல்லாதது நிறைய உண்டு. ஆனாலும் இலங்கையன் என்று மொத்தமாகக் கோடு கிழிக்கும்போது அந்தக் கோடு எங்கள் மேலும் விழும் என்பது அன்றைக்கு எனக்கு நன்றாகவே உறைத்தது.

2025 செப்டெம்பரில் ஸ்பெயினில் நடந்த வுவெல்டா சைக்கிள் ஓட்டத்தைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் இரவு பதினொரு மணி வரை வாதாடினோம். காசாவில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கும்போது இஸ்ரேலின் பெயரைத் தாங்கிய அணி ஒன்று ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு வருகிறது. மட்ரிட்டில் கடைசி நாளன்று ஜனங்கள் பெருந்திரளாக வீதிக்கு வந்து தடுப்புகளைத் தள்ளிவிட்டார்கள், ஓட்டம் முடியாமலேயே முடிந்தது, வென்றவருக்கு வழக்கமான மேடைகூடக் கிடைக்கவில்லை. அந்த அணி பிறகு தன் பெயரையே மாற்றிக்கொண்டது. இதை நான் ஹமில்டனோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். அந்தப் பெயர்ப் பலகை ஓடுவதைத்தான் மறித்தார்கள், பட்டப்பகலில், முகத்தை மூடாமல், ஆயிரக்கணக்கில் நின்று மறித்தார்கள். ஆனால் அதே ஓட்டத்தில் முன்னொரு நாள் ஆர்ப்பாட்டக்காரர் ஒருவர் திடீரென்று வீதிப் பக்கம் பாய, ஸ்பெயின் வீரர் ஒருவர் விழுந்து, பிறகு போட்டியை விட்டே விலகினார். அவர் அந்த அணிக்காரர்கூட இல்லை. இதையும் அதையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்றேன். "போராட்டத்தில் எல்லாம் கணக்குப் பார்த்தா நடக்கும்?" என்றாள். பார்க்கத்தான் வேண்டும் என்றேன். விழுந்தவனும் யாரோ ஒருத்தியின் பிள்ளைதான்.

எண்ணெய் எடுப்பதை நிறுத்தச் சொல்லி ஓடுகிற பருவநிலைக்காரர்கள் விஷயத்தில் மட்டும் அவள் என்னைக் கொஞ்சம் அசைத்துவிட்டாள். 2023இல் லோர்ட்ஸ் டெஸ்டில் செம்மஞ்சள் பொடியோடு ஓடி வந்தவரை ஜொனி பெயர்ஸ்டோ தூக்கிக்கொண்டு போன வீடியோவைப் பார்த்து நான் அன்றைக்குக் கை தட்டினேன். அதே ஆண்டு அமெரிக்க ஓபன் அரையிறுதியில் ஒருவர் வெறுங்காலைத் தரையில் ஒட்டிக்கொண்டு நிற்க, ஆட்டம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நின்றுபோனது. ஆடிக்கொண்டிருந்த கோகோ கோஃப், 19 வயதுப் பெண், அவர்கள் மேல் தனக்குக் கோபம் இல்லை என்றார். எனக்கு அது அப்போது விளங்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மலையகத்தில் மண்சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்கள் புதைந்தன, களனி ஆறு பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வீடுகளுக்குள் கழுத்தளவு தண்ணீர், நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். பதுளைப் பக்கம் எங்கள் சொந்தக்காரர் குடும்பம் ஒன்று பாடசாலைக் கட்டடத்தில் வாரக்கணக்கில் இருந்தது. "அந்தப் பொடியோடு ஓடினவர் இதைத்தான் மாமா சொன்னவர்" என்றாள். நான் பேசவில்லை. இன்னமும் கிரிக்கெட்டை நிறுத்தித்தான் எண்ணெயை நிறுத்த வேண்டும் என்று எனக்குப் படவில்லை. ஆனால் இனிமேல் அப்படி ஓடுகிறவரைத் தூக்கிக்கொண்டு போனால் கை தட்ட மாட்டேன்.

பிடித்து உள்ளே போடுங்கள் என்கிற வாசகருக்கு இன்னும் ஒன்று. இந்த நாட்டில் இருந்துகொண்டு அதை அவ்வளவு சுலபமாகச் சொல்லாதீர்கள். 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் எத்தனை தமிழ்ப் பிள்ளைகளின் இளமையைத் தின்றது என்று நம் பத்திரிகை வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2022இல் பொருளாதார நெருக்கடியில் அரசுக்கு எதிராக எழுந்த போராட்டத்துக்குப் பிறகு மாணவர் தலைவர்களையும் அதே சட்டத்தில்தான் அடைத்தார்கள். மைதானத்துக்குள் ஓடினால் வெளியே கொண்டுபோய் விடட்டும், நீதிமன்றத்தில் அபராதம் போடட்டும், அதற்கு மேல் வேண்டாம்.

அந்த 2022தான் எனக்கு வழி காட்டியது. ஜூன் 24ஆம் திகதி கெத்தாராமவில் அவுஸ்திரேலியாவோடு கடைசி ஒருநாள் ஆட்டம். பெற்றோல் இல்லை, கொட்டாஞ்சேனையில் இருந்து நடந்தேதான் போனோம், நானும் அதே அலுவலக நண்பரும். எங்கும் மஞ்சள் நிறம். இவ்வளவு கஷ்டத்திலும் எங்கள் நாட்டுக்கு ஆட வந்தீர்களே என்று எதிரணிக்கு நன்றி சொல்ல ஜனங்கள் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். எங்களுக்கு முன் வரிசையில் ஒரு பையன் சீமெந்துப் பையை வெட்டி எடுத்த கடதாசியில் மூன்று மொழியிலும் ஏதோ எழுதிப் பிடித்திருந்தான், ஓவர் முடிகிற ஒவ்வொரு தடவையும் எழும்பிக் காட்டிவிட்டு, பந்து போடத் தொடங்கியதும் பின்னால் இருப்பவருக்கு மறைக்கக் கூடாது என்று உட்கார்ந்துவிடுவான். இரண்டு வாரம் கழித்து ஜூலை 9, காலியில் டெஸ்ட் ஆட்டம் நடந்துகொண்டிருக்க, கோட்டை மதில் மேலும் வாசலிலும் ஆர்ப்பாட்டக்காரர்கள் நிறைந்து நின்றார்கள், கோஷம் மைதானத்துக்குள் கேட்டது. ஒருவர்கூட ஆடுகளத்தை மிதிக்கவில்லை. உலகம் முழுக்க டிவியில் அந்த மதிலைப் பார்த்தது. அதே நாள் கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் ஜனங்கள் போனார்கள், சனத் ஜயசூரியவும் போராட்டத்தில் நின்றார். ஐந்து நாளில் ஜனாதிபதி பதவி விலகினார். காலியில் நம் அணி இன்னிங்ஸால் வென்றது, சந்திமால் இரட்டைச் சதம், புதுப் பையன் பிரபாத் ஜயசூரிய 12 விக்கெட். அந்த வெற்றியை யாரும் யாரிடம் இருந்தும் பறிக்கவில்லை, போராட்டமும் ஒரு அங்குலம் குறையவில்லை.

இதை எல்லாம் சொல்லி முடித்த பிறகு மருமகள் தன் திட்டத்தைச் சொன்னாள். அவளும் கம்பஸ் நண்பர்களும், இரண்டு சிங்களப் பிள்ளைகளும் ஒரு முஸ்லிம் பிள்ளையும் அதில், கெத்தாராமவில் அடுத்த ஆட்டத்தன்று டிக்கெட் எடுத்து உள்ளே போய் ஓடலாமா என்று யோசித்திருக்கிறார்கள். எனக்குக் கை நடுங்கியது. ஓட வேண்டாம், மாளிகாவத்தையில் இருந்து வாசலுக்குப் போகும் வீதியின் இரண்டு பக்கமும் நில்லுங்கள், காணாமல் போனவர்களின் படத்தோடு, ஆட்டம் பார்க்கப் போகிற அத்தனை பேரும் அந்த முகங்களுக்கு நடுவால் நடந்து போகட்டும், நானும் வருகிறேன் என்றேன். அதற்கு முன் வவுனியாவுக்குப் போய் அந்த அம்மாக்களிடம் கேட்டு அனுமதி வாங்க வேண்டும் என்று அவள் சொன்னாள். அது எனக்குத் தோன்றவே இல்லை. இந்தத் தடவை பஸ்ஸில் இருந்து இறங்குவேன்.

அட்டையில் எழுதுகிற சிங்கள வசனத்தை எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி என் அலுவலக நண்பரிடம் கொடுத்தேன். 2013இல் கேட்டாரே, அவர்தான். பிள்ளைகள் "தெமள தருவோ கொஹேத", அதாவது தமிழ்ப் பிள்ளைகள் எங்கே என்று எழுதியிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "தெமள" என்பதை வெட்டி "அபே" என்று எழுதினார். எங்கள் பிள்ளைகள் எங்கே. தெற்கில் சிங்கள இளைஞர் கிளர்ச்சியை அரசு நசுக்கிய காலத்தில், 1989இல், மாத்தறையில் அவருடைய தாய்மாமனைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் திரும்பக் கொண்டுவந்து விடவில்லை என்று அப்போதுதான் எனக்குச் சொன்னார், இத்தனை வருடம் எதிர் மேசையில் இருந்துவிட்டு.

மருமகளுக்கு அந்தத் திருத்தம் முழுசாகப் பிடிக்கவில்லை. தமிழர் என்பதற்காகத்தானே கொண்டுபோனார்கள், அந்தச் சொல் போகக் கூடாது என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இப்போதைக்கு இரண்டு வசனமும் தனித்தனி அட்டையில் எழுதுவதாக இருக்கிறோம். அட்டை வாங்க நாளை பின்னேரம் புறக்கோட்டைக்குப் போகிறோம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.